முதல் வேலைக்குப் பிள்ளையை அனுப்புமுன்
(சங்க அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு முடியும் நாளுக்கும், ஜூன் மாதத்தில் பள்ளிகள் மீண்டும் திறக்கும் நாளுக்கும் இடையே சற்றேறக்குறைய இரண்டு மாதம் உண்டு. தாராபுரம் வட்டாரத்திலுள்ள நெசவுக் குடும்பங்களுக்கும் உழவுக் குடும்பங்களுக்கும் அது ஒரு சோதனைக் காலம். பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறான்; கடன் தவணை வாசலில் நிற்கிறது; காலையில் பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்கிறது. "இரண்டு மாதந்தானே, போய் வரட்டும்" என்று அனுப்புகிறோம். அவ்வாறு சென்ற பிள்ளைகளில் பலர் ஜூன் மாதத்தில் பள்ளிக்குத் திரும்புகின்றனர். சிலர் திரும்புவதில்லை. திரும்பாதவரைப் பற்றியே இப்பாடம் பெரிதும் கவலை கொள்கிறது.

இளம் பிராயத்தில் வேலை செய்வது தவறு என்று இங்கே கூற வரவில்லை. உழைப்பை அறியாமல் வளரும் பிள்ளையைவிட, உழைப்பின் அருமை தெரிந்து வளரும் பிள்ளை மேலானவன் என்பதை நெசவாளரும் விவசாயியும் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. ஆயினும் முதல் வேலை ஒரு வாசலாக இருத்தல் வேண்டும். பூட்டாக இருத்தல் கூடாது. பிள்ளையின் முதல் வேலை, அவனுடைய அடுத்த படியைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கொண்டு எல்லாவற்றையும் அளந்து பார்ப்போமாக.

1. வயதும் சட்டமும்

முதலில் அறிய வேண்டியது வயது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி 14 வயது நிறைவுறாத எவரையும் எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது. கலைத்துறையில் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின்போ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில் பெற்றோருக்கு உதவலாம்.

இங்கே நெசவாளர் ஒன்றைக் கருத வேண்டும். துணி நெய்தல், சாயமிடுதல், அச்சிடுதல் ஆகியவை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே, சிறுவரை அமர்த்தக் கூடாத தொழில்களாகச் சேர்க்கப்பட்டவை. ஆகவே, "எங்கள் வீட்டுத் தறிதானே" என்று 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பதைத் தவிர்ப்பதே முறை. விவசாயிகளும் அவ்வாறே. களத்தில் வெங்காயம் ஆய்வது வேறு. பூச்சிமருந்து தெளிப்பதும், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் தட்டுச் செருகுவதும் வேறு. பின்னவை சிறு கைகளுக்கு உரியவை அல்ல.

14 வயது நிறைந்து 18 நிறைவுறாதவரைச் சட்டம் 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது. இவர்கள் வேலை செய்யலாம். ஆனால் சுரங்கம், வெடிமருந்து, எளிதில் தீப்பற்றும் பொருள்கள், ஆபத்தானவை எனக் குறிக்கப்பட்ட செய்முறைகள் ஆகியவற்றில் இவர்களை அமர்த்தலாகாது. மற்ற நிறுவனங்களிலும் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. அதனை ஒவ்வொரு பெற்றோரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்:

தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. அதன்பின் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். ஓய்வும் காத்திருப்பும் உட்பட ஒரு நாளின் வேலைக் காலம் 6 மணி நேரத்துக்கு மேற்படலாகாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. மிகைநேர வேலை கூடாது. ஒரு நாளில் ஓரிடத்தில் வேலை செய்தவரை அன்றே வேறோரிடத்தில் அமர்த்தலாகாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும். இத்தகைய இளையோரின் பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை இவற்றைக் குறித்த பதிவேட்டை முதலாளி வைத்திருத்தல் வேண்டும்.

திருப்பூர் வழக்கில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் பன்னிரண்டு மணி நேரம். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறான் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது சட்டத்தின் வரம்பைப்போல் இருமடங்கு என்பதைப் பணிவாக எடுத்துரைப்பது நம் கடமை. 14 வயது நிறைவுறாதவரையோ, தடுக்கப்பட்ட தொழிலில் வளரிளம் பருவத்தினரையோ அமர்த்தும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மீண்டும் அதே பிழை செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கட்டுப்பாடு அன்று. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1973இல் குறைந்த வயது பற்றி ஓர் உடன்படிக்கையும், 1999இல் குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்கள் பற்றி மற்றோர் உடன்படிக்கையும் வகுத்தது. இரண்டையும் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியா ஏற்று உறுதி செய்தது.

2. 'நாங்களும் அப்படித்தானே கற்றோம்'

பெரியவர் பலர் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. அது ஒதுக்கத்தக்கது அன்று. திருப்பூரில் தையற்காரருக்கு அருகிலிருந்து துணியை மடித்துக் கொடுக்கும் கையாளைக் 'கைமடி' என்பர். சிறு வயதில் கைமடியாகச் சேர்ந்து, உணவு இடைவேளையில் இயந்திரத்தில் அமர்ந்து பழகி, தையற்காரராகி, பின் கான்டிராக்ட் எடுத்து, சொந்தத்தில் நான்கு மெஷின் போட்டவர்கள் அவ்வூரில் உண்டு. "பள்ளிக்கூடம் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஏணியில் ஏறியவரை நாம் காண்கிறோம். முதற்படியிலேயே நின்றுவிட்டவரைக் கணக்கில் எடுப்பதில்லை. பிசிர் வெட்டுதல், அடுக்கிக் கட்டுதல், பெட்டி சுமத்தல் ஆகிய வேலைகளில் பத்தாண்டு கழிந்தாலும் கைக்கு ஒரு தொழில் வந்து சேர்வதில்லை. மேலும், இன்று பின்னலாடைத் தொழிலில் முன்னேற வேண்டுமாயின், கணினி இணைந்த இயந்திரத்தைப் படித்து இயக்கவும், அளவுத் தாளைப் புரிந்துகொள்ளவும், வெளிநாட்டு ஆர்டரின் தர விதிகளை வாசிக்கவும் தெரிய வேண்டியிருக்கிறது. கைமடி ஏணியின் கீழ்ப்படி அப்படியே இருக்கிறது. நடுப்படிகளுக்குக் கல்வி தேவைப்படுகிறது. அக்காலத்தில் ஏறியவர்களின் மதிநுட்பத்தைப் போற்றுவோம். அதே வழியை அடுத்த தலைமுறைக்கும் விதிக்க வேண்டியதில்லை.

ஆகவே வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். கைக்குக் கூலி மட்டும் தருவது ஒன்று. கூலியோடு தொழிலையும் தருவது மற்றொன்று. பிள்ளைக்கு வேலை தேடும்போது, "மாதம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு முன், "ஓராண்டு கழித்து இவன் கையில் எந்தத் தொழில் இருக்கும்? அதற்குச் சான்றிதழ் உண்டா?" என்று கேட்பதே விவேகம்.

3. சுமங்கலித் திட்டம் புகட்டிய படிப்பினை

இக்கேள்வியைக் கேளாததால் நேர்ந்த துன்பத்துக்கு நம் வட்டாரமே சாட்சி. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில், 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில், 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஓர் ஏற்பாடு பரவியது. மணமாகாத இளம் பெண்கள் ஆலை விடுதியில் தங்கி, பெரும்பாலும் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும். வறிய குடும்பங்களுக்கு இது வரமாகத் தோன்றியது.

உண்மையில் அத்தொகை புதிதாக எவரும் கொடுத்த கொடை அன்று. மாதந்தோறும் அப்பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியிலிருந்து நிறுத்தி வைத்த பணமே அது. நோயாலோ சோர்வாலோ இடையில் வெளியேறியவர் அதனை இழக்க நேர்ந்தது. விடுதியை விட்டு வெளியே செல்லவும், வீட்டாரோடு பேசவும் தடைகள் இருந்தன. பெற்றோர் சீதனத்துக்கென்று சேர்த்ததாக எண்ணினர்; வரதட்சணையோ 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2011இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபின், திருப்பூரில் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் விசாரிக்கத் தொடங்கின.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: கூலி மாதந்தோறும் கைக்கு வரவேண்டும், பல ஆண்டு கழித்துத் தருவதாகச் சொல்லும் பணத்தைக் கூலியென்று கொள்ளலாகாது. 2019இல் இயற்றப்பட்டு, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே கூறுகிறது. மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். திட்டத்தின் பெயர் எதுவாயினும், மங்கலமான பெயரே ஆயினும், இந்த அளவுகோலால் அளந்து பார்க்க.

4. முன்பணம் என்னும் கண்ணி

விசைத்தறிப் பகுதிகளில் 'முன்பணம்' வாங்கி வேலைக்குச் சேரும் வழக்கத்தை அங்கத்தினர் அறிவர். பெரியவருக்கே அது கட்டு. பிள்ளையின் பெயரில் வாங்கினால் அது விலங்காகும். கடன் தீரும்வரை பிள்ளை அவ்விடத்தைவிட்டு அகல முடியாது. ஜூன் மாதமும் போகும், பள்ளியும் போகும். கடனுக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு அவசரமாக 20,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மகனைக் காட்டி அதனை முன்பணமாக வாங்கலாம். அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் கடனாகப் பெறலாம். கணக்குக்காக வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 எனக் கொண்டால், ஓராண்டு வட்டி 2,400 ரூபாய்; மாதத்துக்கு 200 ரூபாய். ஆக, முன்பணம் வாங்கும் தகப்பனார், மாதம் 200 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்துவதற்காக மகனுடைய ஓராண்டுப் படிப்பை ஈடு வைக்கிறார். இவ்வளவு மலிவாக நம் வீட்டு நிலத்தையோ தறியையோ ஈடு வைப்போமா? பிள்ளையின் ஆண்டை மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

5. திறந்திருக்கும் வாசல்கள்

வேண்டாம் என்று மட்டும் சொல்லி முடித்தால் பாடம் பாதியாகும். 14 முதல் 18 வயது வரையுள்ளவர் தொழிலுக்குள் புகுவதற்கு நேர்வழிகள் உள்ளன.

முதலாவது, அரசு தொழிற்பயிற்சி நிலையம். தாராபுரத்திலேயே ஒன்று இருக்கிறது. திருப்பூரிலும் உடுமலைப்பேட்டையிலும் உள்ளன. 14 வயது நிறைந்தவர் சேரலாம். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். நிலையத்துக்கு நிலையம் பிரிவுகள் மாறுபடுமாதலால் நேரில் சென்று அறிக. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் முதலியனவும் அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் சொல்லப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்பு முடித்து இரண்டாண்டுப் பயிற்சியில் தேறியவர், பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. அடுத்த படி திறந்திருப்பதற்கு இது நல்ல உதாரணம். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைக்கும் இவ்வாசல் மூடவில்லை என்பதை வீட்டார் அறிய வேண்டும். தேர்வில் தவறியது உலகம் முடிந்ததற்கு அடையாளம் அன்று.

இரண்டாவது, தொழிற்பழகுநர் முறை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி 14 வயது நிறைந்தவர், ஆபத்தான தொழிலாயின் 18 நிறைந்தவர், ஒரு நிறுவனத்தில் பழகுநராகச் சேரலாம். எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. மைனருக்குப் பாதுகாவலர் கையொப்பமிடுவர். ஒப்பந்தம் பதிவு செய்யப்படும். 2019இல் திருத்திய விதிகள், ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தேறியவருக்கு மாதம் 5,000 ரூபாயும், பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 6,000 ரூபாயும் குறைந்த உதவித்தொகையாக வகுத்தன. பின்னர் உயர்த்தப்பட்டுள்ளதா என்பதைச் சேரும்போது விசாரித்துக்கொள்க. "அப்ரண்டிஸ்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, ஒப்பந்தமும் பதிவும் இல்லாமல் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது பழகுநர் முறை ஆகாது. காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வேலையும் படிப்பும் இணையும் இம்முறை எவ்வளவு பயன் தரும் என்பதற்குச் சுவிட்சர்லாந்து நாட்டைப் பார்க்கலாம். அங்கே கட்டாயப் பள்ளி முடித்த இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், பதினைந்து பதினாறு வயதில் ஒரு நிறுவனத்தில் பழகுநராகச் சேர்கின்றனர். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையில்; ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில். கை வேலையைப் படிப்புத் தாழ்த்துவதில்லை. படிப்பைக் கை வேலை தடுப்பதும் இல்லை.

மூன்றாவது, நெசவாளர் பிள்ளைகளுக்கென்றே உள்ள வழி. சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் நடந்து வருகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ அங்கே கற்பிக்கப்படுகிறது. தறியைப் பிறந்தது முதல் பார்த்த பிள்ளை, நூலின் நம்பர், சாயத்தின் தன்மை, வடிவமைப்பு ஆகியவற்றை முறையாகக் கற்றுத் திரும்பினால், அது குடும்பத்துக்கு மட்டுமன்று, சங்கத்துக்கும் இலாபம்.

நான்காவது, மேனிலைப் படிப்பைத் தொடர்ந்து முடிப்பது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப்பெண்' திட்டம் 2022இலும், மாணவருக்கான 'தமிழ்ப்புதல்வன்' திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. தகுதி விவரத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிக. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியும் பெறலாம்.

வழிகாட்டுதலுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தை அணுகலாம். தாராபுரம் 1979 வரை கோவை மாவட்டத்திலும், பின்னர் ஈரோடு மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் அமைந்ததால், பழைய நினைவில் ஈரோட்டுக்குச் செல்லாமல் திருப்பூர் அலுவலகத்தையே நாடுக.

6. விடுமுறை வேலை

படிப்பைத் தொடரும் பிள்ளை விடுமுறையில் மட்டும் வேலை செய்ய விரும்பினால், 14 வயது நிறைந்தபின் தடுக்க வேண்டியதில்லை. தன் உழைப்பில் வாங்கிய நோட்டுப் புத்தகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கடையில் கணக்கெழுதுதல், துணிக்கடையில் உதவி, சங்க விற்பனை நிலையத்தில் சரக்கு அடுக்குதல், நாற்றங்கால் பண்ணையில் உதவி, பின்னலாடைக் கம்பெனியில் துணி சரிபார்த்தல் ஆகியவை ஏற்றவை. சாயப்பட்டறையும் வெளுப்புப் பட்டறையும் இரசாயனங்கள் புழங்கும் இடங்களாதலால், 18 வயதுக்கு முன் அவற்றை நினைக்கவே வேண்டாம். கடை வேலையில் நாள் முழுதும் நிற்க வைப்பதும் முறையன்று. கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது.

விடுமுறை வேலைக்கு முதல் நிபந்தனை, திரும்பும் நாளை முன்னரே குறித்துக்கொள்வது. "ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன் நின்றுவிடுவான்" என்று சேரும் நாளிலேயே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் அனுப்பாமல் இருப்பதே நலம்.

7. வேலை கேட்டுச் செல்லும் முறை

பிள்ளை முதல் முறை வேலை கேட்கச் செல்லும்போது தயங்குவது இயல்பு. வீட்டிலேயே ஒருமுறை பேசிப் பழகட்டும். பெயர், வயது, படிப்பு, எந்த நேரம் வேலை செய்ய முடியும், எதைக் கற்க விரும்புகிறான் என்னும் ஐந்தையும் தெளிவாகச் சொன்னால் போதும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகலை மட்டும் எடுத்துச் செல்க. மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரலாகாது. வயதைக் கூட்டிச் சொல்லி வேலை பெறுவது, பிள்ளைக்கு முதல் நாளே பொய்யைக் கற்பிப்பதாகும். சட்டம் தரும் காப்பும் அதனால் போகும்.

எழுத்து மூலம் கேட்பதாயின் கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நான் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியுள்ளேன். எனக்கு 16 வயது. தங்கள் நிறுவனத்தில் மே மாத இறுதி வரை பகல் நேரத்தில் வேலை செய்ய விரும்புகிறேன். கணக்கு எழுதவும் கூட்டவும் அறிவேன். தையல் இயந்திரத்தைப் பற்றி அறிந்துகொள்ள ஆர்வம் உண்டு. ஜூன் மாதம் மேற்படிப்பில் சேர இருக்கிறேன். என் வயதுச் சான்றின் நகலும், பெற்றோர் சம்மதக் கடிதமும் இணைத்துள்ளேன். வாய்ப்பளித்தால் நேரம் தவறாது வந்து உண்மையுடன் உழைப்பேன். இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள…"

சேருமுன் பெற்றோர் கேட்டறிய வேண்டியவை ஏழு: வேலை என்ன? நேரம் என்ன, ஓய்வு எப்போது? கூலி எவ்வளவு, எந்தத் தேதியில், எவர் கையில்? பிடித்தம் எதற்கு? கற்றுக்கொடுப்பவர் யார்? போக்குவரத்து எப்படி, வேன் எத்தனை மணிக்கு வீடு திரும்பும்? குடிநீரும் கழிப்பிடமும் உண்டா?

பெண் பிள்ளையை அனுப்புவோர் மேலும் ஒன்று கேட்க வேண்டும். 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில், பெண்களின் முறையீட்டைக் கேட்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அக்குழுவில் யார் இருக்கிறார் என்று விசாரிப்பதில் வெட்கம் ஏதும் இல்லை. பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் 1098 என்ற எண்ணுக்கு எவரும் தொலைபேசியில் தெரிவிக்கலாம். இந்த எண்ணைப் பெரியவர் மட்டுமன்றிப் பிள்ளையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வேலையிலிருந்து திரும்பி வந்து பிள்ளை ஒன்றைச் சொன்னால், "அனுசரித்துப் போ" என்று வாயை அடைக்காமல் முழுவதும் கேட்டறிக.

8. முதல் கூலி

முதல் கூலியைப் பிள்ளை எவ்வாறு கையாளுகிறான் என்பதைப் பொறுத்தே பின்னர் வரும் பணத்தையும் கையாளுவான். 10 வயது நிறைந்தவர் தம் கையொப்பத்திலேயே சேமிப்புக் கணக்கு நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இல் தெளிவுபடுத்தியது. ஆகவே கூலி பிள்ளையின் கணக்கில் சேரட்டும். வீட்டுக்கு ஒரு பங்கு, மேற்படிப்புக்கு ஒரு பங்கு, கைச்செலவுக்கு ஒரு சிறு பங்கு என்று அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். தினம் வேலைக்குச் சென்ற நேரம், திரும்பிய நேரம், செய்த வேலை, கற்றது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். கூலி பற்றி வாக்குவாதம் வந்தால் அந்த நோட்டே சாட்சி.

9. சங்கம் செய்யத்தக்கவை

கல்வியும் பயிற்சியும் அளிப்பது கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று. சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் 1995இல் அறிவித்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது அது. நம் சங்கங்கள் பெருஞ்செலவின்றியே சில காரியங்களைச் செய்யலாம்.

ஏப்ரல் மாதத்தில், அங்கத்தினர் வீடுகளில் 14 முதல் 18 வயது வரை உள்ளோரின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். தேர்வு முடிந்த வாரத்தில் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் அழைத்து, பெற்றோர் கூட்டம் நடத்தலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்களுக்குச் சங்க எழுத்தர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். கல்விக்குச் சிறு கடன் கேட்கும் அங்கத்தினரின் மனுவை ஜூன் மாதத்துக்கு முன் பைசல் செய்யலாம். காலம் தாழ்ந்து வரும் கடன் முன்பணத்துக்கே வழிவிடும். ஜூன் இரண்டாவது வாரத்தில் அதே பட்டியலை மீண்டும் எடுத்து, பள்ளிக்குத் திரும்பாதவர் யார் என்று பார்க்க வேண்டும். அவ்வீட்டுக்கு நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நேரில் சென்று, குற்றம் சாட்டாமல், காரணம் கேட்டு, இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் காரியம் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் சங்கம் தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற கோடையில் நம் ஊரிலிருந்து வேலைக்குச் சென்ற இளையோர் எத்தனை பேர்? பள்ளிக்கோ பயிற்சிக்கோ திரும்பியவர் எத்தனை பேர்?

2. அவர்கள் செய்த வேலைகளில் கூலி மட்டும் தருபவை எவை? தொழிலும் தருபவை எவை?

3. வேலை நேரம் சட்ட வரம்புக்குள் இருந்ததா? இல்லையெனில் முதலாளியிடம் பேசுவதற்கு ஏற்றவர் நம்முள் யார்?

4. பிள்ளையின் பெயரில் முன்பணம் வாங்கிய குடும்பம் உண்டாயின், அதைத் தீர்க்கச் சங்கம் எவ்வகையில் உதவலாம்?

5. தாராபுரம் தொழிற்பயிற்சி நிலையத்தில் உள்ள பிரிவுகளைப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பை ஏற்பவர் யார்?

6. ஜூன் இரண்டாவது வாரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் பொறுப்பு எவரெவருக்கு?

பாவு ஓட்டும்போது ஓர் இழை அறுந்தால் அதை அப்பொழுதே முடிந்துவிட்டு மேலே செல்வது நெசவாளர் வழக்கம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துணி முழுதும் அக்குறை ஓடும். பள்ளியிலிருந்து அறுந்துபோன பிள்ளையையும் அந்த ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட வேண்டும். மேற்கண்ட ஆறு வினாக்களுக்கும் விடையெழுதி, கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்க.